குளியலறைக்கு என்ன கலர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வடக்குப் பார்த்த ஜன்னல். வடக்கு வெளிச்சம் குளிர்ச்சியானது, அதனால் பீச், மஞ்சள் போன்ற கலர்தான் அடிக்க வேண்டும் என்று இணையத்தில் படித்தேன். சரிதானா? (வடசேரி)

அது லண்டன்காரருக்கு எழுதியது. நாம் இருக்கும் கன்னியாகுமரி மாவட்டம் பூமத்திய ரேகைக்கு 8 டிகிரி வடக்கே. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் நமக்கு வடக்குப் பக்கம் சாய்ந்துதான் அடிக்கிறது. சன்ஷேடு மறைக்காவிட்டால் உங்கள் ஜன்னலில் நேர் வெயிலே விழும். ஜூன், ஜூலையில் மேகம் மூடிக்கிடப்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை.

திசையை விடுங்கள். ஜன்னலுக்கு வெளியே என்ன நிற்கிறது என்று பாருங்கள். மூன்றடி தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர் இருந்தால் அந்தச் சுவரின் கலர்தான் உள்ளே வரும். வாழை நின்றால் நீங்கள் அடித்த ஐவரி காலையில் பச்சை தட்டும். அப்படியானால் லேசாகச் சிவப்பு கலந்த வெள்ளை எடுங்கள், சரிக்கட்டிவிடும்.

எங்க பாத்ரூமுக்கு எந்த கலர் நல்லா இருக்கும்? உடனே பதில் தேவை. (ஊர் எழுதவில்லை)

அளவு இல்லை, டைல்ஸ் என்ன கலர் என்று இல்லை, ஜன்னல் உண்டா என்றும் இல்லை. இவ்வளவையும் எழுதி அனுப்புங்கள், உடனே பதில் வரும்.

போனில் பார்த்து ஆசைப்பட்ட சேஜ் பச்சை, சுவரில் அடித்ததும் அழுக்குப் பச்சையாகத் தெரிகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (மார்த்தாண்டம்)

இல்லை. போன் திரை தானே ஒளி விடுகிறது, சுவர் அப்படியில்லை. எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட், ஈரமாக இருப்பதைவிடக் காய்ந்தபின் கொஞ்சம் அடர்த்தியாகும். அதோடு, உங்கள் குளியலறையில் என்ன பல்பு? 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை பல்பில் பச்சை வெளிறும், 3000 கெல்வின் மஞ்சள் பல்பில் அதே பச்சை சேறாகும். 4000 பக்கம் ஒன்றை மாட்டிப் பாருங்கள், பாதிக் குறை அதிலேயே தீரலாம். எத்தனை முறை எழுதினாலும் யாரும் கேட்பதில்லை, மறுபடி எழுதுகிறேன்: இரண்டடிக்கு இரண்டடி சாம்பிள், இரண்டு கோட்டு, காலையிலும் ராத்திரியிலும் பாருங்கள். அதற்குப் பிறகு டப்பா வாங்குங்கள்.

ரப்பர் தோட்டத்துக்குள் வீடு. குளியலறை சீலிங்கில் கறுப்புப் புள்ளிகள். “டார்க் கிரே அடிச்சு விடுவோம், தெரியாது” என்கிறார் பெயின்டர். எந்த கிரே நல்லது? (குலசேகரம்)

எந்த கிரேயும் வேண்டாம். இந்தத் ‘தெரியாது’ என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பூஞ்சை உயிருள்ளது. ஈரம் இருக்கிறவரை எந்த பெயின்டையும் தாண்டி வெளியே வரும். நாலு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி நிற்கும், டார்க் கிரே மேல் சாம்பல் படிந்த மாதிரி. இன்னொன்று: சீலிங்கில் புதிதாக ஓதம் இறங்கினால் வெளிர் கலர் முதல் வாரமே காட்டிக்கொடுக்கும். டார்க் கலரில் உங்கள் கண்ணில் படும்போது பெயின்ட் தோல் தோலாக உரிந்து தொங்கும். ஆக, ஈரம் முதலில், கலர் கடைசியில்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஆளைக் கூப்பிட வேண்டாம். ஒரு அடிச் சதுரத்துக்கு பாலிதீன் கவரை வெட்டி, புள்ளி இருக்கும் இடத்தில் நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது சீலிங்கோடு ஒட்டியிருந்த பக்கம் முத்து முத்தாக நீர் கோர்த்திருந்தால், தண்ணீர் மேலேயிருந்து வருகிறது. மொட்டை மாடியாக இருக்கலாம், மாடிக் குளியலறைக் குழாயாக இருக்கலாம். அதை அடைக்காமல் பெயின்ட் டப்பாவைத் திறக்கவே கூடாது. அந்தப் பக்கம் உலர்ந்து வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் வெந்நீர் ஆவிதான் காரணம். ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள், குளித்து முடித்தபின் கால் மணி நேரம் ஓடட்டும்.

பிறகு ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். அதோடு கக்கூஸ் கழுவும் ஆசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் மூச்சு முட்டும். ஒரு வாரம் காயவிட்டு பிரைமர், அதன்மேல் பூஞ்சை தடுக்கும் எமல்ஷன், வெள்ளை அல்லது வெள்ளைக்கு அடுத்த ஷேடு.

எப்போது அடிப்பது என்பதுதான் நம் மாவட்டத்தில் பெரிய தலைவலி. ஆனி, ஆடியில் ஒரு மழை. ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. மலையோரத்தில் சுவர் ஒழுங்காகக் காய்வது ஜனவரிக்கு மேல்தான். ஆனால் நம் ஆட்கள் ஜனவரியிலிருந்து சும்மா இருந்துவிட்டு, கோட்டாறு சவேரியார் கோயில் கொடியேறும் சமயத்தில் பெயின்டரைத் தேடுவார்கள். கிறிஸ்துமஸுக்கு முன் முடிக்க வேண்டுமாம்! நாலு வீட்டு வேலையை ஒன்றாக எடுத்த பெயின்டர், நனைந்த சுவரில் அடித்துவிட்டுப் போவார். அவரைச் சொல்லி என்ன செய்ய, கார்த்திகை மழையில் கூப்பிட்டது நாம்தானே. உங்களுக்கு என் பதில்: இப்போது கழுவி விடுங்கள், ஓட்டையை அடையுங்கள், பெயின்டைத் தைப்பொங்கல் கழிந்து அடியுங்கள். விருந்தாளிகள் உங்கள் சீலிங்கைப் பார்க்க வரவில்லை.

பழைய பிங்க் டைல்ஸ், நாலடி உயரம், நடுவில் ரோஜாப் பூ. இடிக்கப் பணமில்லை. மேலே என்ன கலர்? (திங்கள்நகர்)

ஏன் இடிக்க வேண்டும்? நன்றாக ஒட்டியிருந்தால் இருக்கட்டும். பூவின் கலரை எடுக்காதீர்கள், எல்லோரும் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். டைல்ஸில் பூவுக்குப் பின்னால் இருக்கும் கலரைப் பாருங்கள், அதைவிட வெளிறிய ஒரு ஷேடு அடியுங்கள். பளிச் வெள்ளை மட்டும் வேண்டாம், பக்கத்தில் பிங்க் அழுக்காகத் தெரியும்.

போர் தண்ணீரில் சிவப்புக் கறை. வெள்ளைச் சுவர், வெள்ளை டைல்ஸ் போடலாமா? (அருமனை)

இரும்புத் தண்ணீருக்கு வெள்ளை ஆகாது. மணல் கலர், மங்கிய பழுப்பு, இப்படிப் போங்கள். டைல்ஸ் இடுக்கில் வெள்ளை சிமென்ட் அடைத்தால் ஆறு மாதத்தில் செங்கல் கலராகும். கறை பிடிக்காத எபாக்சி பசையால் அடையுங்கள், அதுவும் பழுப்பில்.

கடலுக்குப் பக்கத்தில் வீடு. நேவி ப்ளூ ஆசை. (முட்டம்)

ஒரே ஒரு சுவர், அதுவும் தண்ணீர் தெறிக்காத சுவர். அடர் நீலத்தில் சோப்புத் துளியும் உப்புப் பூத்ததும் வெள்ளை வெள்ளையாகக் காட்டும். அடிப்பதற்கு முன் சுவரை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள், உப்புக்காற்று படிந்த சுவரில் பெயின்ட் பிடிக்காது. ஈரம் முதலில் என்று சொன்னேனே, உங்களுக்கு உப்பும் சேர்த்து.

மாமியாருக்கு 78 வயது, கண் மங்கல். எல்லாமே வெள்ளையாக வைத்தால் வெளிச்சமாக இருக்குமா? (இரணியல்)

வெளிச்சமாக இருக்கும், அவர்களுக்கு எதுவும் பிரிந்து தெரியாது. வெள்ளைச் சுவரில் வெள்ளை க்ளோசெட் எங்கே முடிகிறது என்று தெரியாமல் உட்காரத் தடுமாறுவார்கள். க்ளோசெட்டுக்குப் பின்சுவரை நடுத்தர நீலமோ பச்சையோ ஆக்குங்கள். கைப்பிடிக் கம்பியும் சுவரிலிருந்து வேறு கலரில் இருக்கட்டும். தரைக்குப் பளபளப்பு வேண்டவே வேண்டாம்.

வாஸ்துப்படி எந்த கலர்?

எனக்கு பெயின்ட்தான் தெரியும்.

சீலிங்குக்கு எனாமல் அடித்தால் தண்ணீர் பிடிக்காது என்கிறார்களே? (ஆரல்வாய்மொழி)

வெயில் படாத அறையில் வெள்ளை எனாமல் மஞ்சளாகும். ஆவி நீராகி அதன்மேல் சொட்டுச் சொட்டாக நிற்கும். சாட்டின் பளபளப்புள்ள எமல்ஷன் போதும். எனாமல் இரும்புக் கதவுக்கு.

5க்கு 8 குளியலறை, 7 அடி வரை டைல்ஸ், 10 அடி உயரம். எத்தனை லிட்டர் வாங்க? (தக்கலை)

இப்படிக் கேட்டால் பதில் சொல்ல ஆசையாக இருக்கிறது. மேலே மிஞ்சும் மூன்றடிச் சுவரும் சீலிங்கும் சேர்த்துச் சுமார் 120 சதுர அடி, கதவு ஜன்னல் கழிக்கத் தேவையில்லை. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 60 முதல் 70 சதுர அடி வரும். இரண்டு லிட்டர் வாங்குங்கள். நாலு லிட்டர் எழுதிக் கொடுத்தால் மீதி எந்த வீட்டுக்கு என்று கேளுங்கள்.