கீன்ஸும் ஃப்ரீட்மனும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

1930களின் பெருமந்தத்துக்குக் காரணம் பொருள்களுக்கான தேவை சரிந்தது, அரசு செலவை ஏற்றியிருக்க வேண்டும் என்கிறார்கள் பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் கீன்ஸின் தரப்பினர். மத்திய வங்கி பணத்தைச் சுருங்கவிட்டதுதான் காரணம் என்கிறார் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஃப்ரீட்மன். ஒரே சம்பவம், இரண்டு கதை. இது பொருளாதாரமா, இடது வலது அரசியலா?

வி.

அன்புள்ள வி.,

அரசியல் இல்லாமல் இல்லை. அரசு பொருளாதாரத்தில் முடிந்தவரை கைவைக்கக் கூடாது என்ற பிடிவாதம் ஃப்ரீட்மனுக்கு உண்டு. ஆனால் சண்டையின் வேர் சின்னக் கேள்வி ஒன்றில் இருக்கிறது: கையில் பணம் கூடினால் மனிதர்கள் என்ன செய்வார்கள்?

மத்திய வங்கி ஒருவரிடம் கடன் பத்திரத்தை வாங்கிக்கொண்டு பணம் தருகிறது என்று வையுங்கள். ஃப்ரீட்மன் கணக்குப்படி, அவர் வழக்கமாக வைத்திருக்க விரும்புவதைவிடப் பணம் அதிகமாகிவிட்டது. பங்கு வாங்குவார், வீடு வாங்குவார், சாமான் வாங்குவார். பணம் கைமாறிக்கொண்டே போகும். கீன்ஸ் கணக்கு வேறு. வட்டி அடிமட்டத்தில் கிடக்கும்போது பத்திரமும் பணமும் ஏறக்குறைய ஒன்றுதான். பத்திரம் இருந்த இடத்தில் பணம் இருக்கும், கடைக்காரருக்கு ஒரு பைசா கூட வராது. அப்போது செலவழிக்க மிச்சமிருப்பது அரசுதான்.

ஆக, பணம் கைமாறும் வேகம் சீரானதா என்பதே வழக்கு. சீரானது என்றால் ஆண்டுதோறும் பண அளவை ஒரே விகிதத்தில் உயர்த்தினால் போதும் என்பது ஃப்ரீட்மன் கட்சி.

ஃப்ரீட்மனும் அவருடன் சேர்ந்து எழுதிய அன்னா ஷ்வார்ட்ஸும் 1963இல் காட்டிய கணக்கு பலமானது: 1929க்கும் 1933க்கும் இடையே அமெரிக்காவில் பண அளவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வங்கிகள் வரிசையாக விழ, அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வேடிக்கை பார்த்தது. சரி, பணம் சுருங்கியதால் செலவு குறைந்ததா, செலவு குறைந்ததால் பணம் சுருங்கியதா? 1976இல் பொருளாதார வரலாற்றாசிரியர் பீட்டர் டெமின் இதைத்தான் கேட்டார். எனக்கு இன்னும் அது தீர்ந்த கேள்வியாகத் தெரியவில்லை.

விலைவாசியை ஏறவிட்டு வேலையின்மையை நிரந்தரமாகக் குறைக்க முடியாது என்று 1967இலேயே ஃப்ரீட்மன் எச்சரித்தார். 1970கள் அவர் பக்கம் சாட்சி சொல்லின. ஆனால் பணம் கைமாறும் வேகம் 1980களில் சீராக இல்லாமல் அவரைக் கைவிட்டது. பண அளவை இலக்காக வைத்த ஃபெடரல் ரிசர்வே 1982இல் அதைக் கைகழுவியது.

என் தீர்ப்பு, கோட்பாட்டில் கீன்ஸ் பக்கம். 2008க்குப் பின் ஃபெடரல் ரிசர்வ் கொட்டிய பணம் பெரும்பாலும் வங்கிகளின் இருப்பாகவே தூங்கியது, பணவீக்கம் வரவில்லை. 2020இல் அமெரிக்க அரசே பணத்தை நேராக மக்கள் கணக்கில் போட்டது. 2022 ஜூனில் அங்கே பணவீக்கம் 9.1 சதவீதம். சப்ளைச் சிக்கலும் அதில் சேர்ந்திருந்தது. இதை இரு தரப்பும் தங்கள் வெற்றியாகவே எழுதிக்கொள்கின்றன.