பனி எதுவரை வந்தது? வாசகர் கேள்வி – பதில்

மாமல்லபுரத்து 'வெண்ணெய் உருண்டை' பனியாறு கொண்டுவந்து வைத்த கல்லாக இருக்கலாமா?
– மாணவி, செங்கல்பட்டு

இருக்காது. பனி சுமந்துவந்த கல், தான் உட்கார்ந்திருக்கும் பாறைக்கு அந்நியமாக இருக்கும். வெண்ணெய் உருண்டையோ அடிப்பாறையின் சொந்தப் பிள்ளை. சுற்றியிருந்த பாறை வெயிலிலும் மழையிலும் உதிர்ந்துபோக, மிஞ்சி நிற்கிறது. இங்கிலாந்தில் யார்க்‌ஷயரின் நார்பர் என்ற இடத்தில் வெளிறிய சுண்ணாம்புப் பாறைமேல் கருத்த மணற்கற்கள் கிடக்கின்றன. அந்த மணற்கல் சுண்ணாம்புப் பாறையைவிடப் பழையது. அடியில் இருக்கவேண்டியது மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது என்றால் யாரோ தூக்கி வைத்திருக்க வேண்டும்.

கடற்கரையில் இன்னும் எச்சரிக்கை தேவை. ஸ்காட்லாந்துக்கு மேற்கேயுள்ள அய்ல்சா கிரெய்க் தீவுக்கே உரிய நீலப்புள்ளி நுண்கிரானைட் (பொடிமணிக் கருங்கல்), தெற்கே வேல்ஸ் வரை கிடைக்கிறது. ஐரிஷ் கடல் வழியே பனி தெற்கே இறங்கியதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் மணலில் பொறுக்கிய கூழாங்கல் செல்லாது. அலை உருட்டி வந்திருக்கலாம், பழைய கப்பல்கள் பாரத்துக்கு ஏற்றிவந்து கொட்டியதாகவும் இருக்கலாம். கரையோரச் செங்குத்தில், பனி விட்டுச்சென்ற களிமண்ணுக்குள் பதிந்திருப்பதையே எடுக்க வேண்டும்.

பாறைக் கீறல்களைப் பார்த்துப் பனி போன திசையை எப்படிச் சொல்கிறார்கள்?
– ஆசிரியர், தருமபுரி

நகரும் பனி, தன் அடியில் சிக்கிய கற்களால் பாறையில் இழுத்த கோடுகள் இவை. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள். உச்சிவெயிலில் பாதிக் கீறல் மறைந்துவிடும். பாறையை நனைத்தால் இன்னும் எடுப்பாகத் தெரியும். ஒரே பாறையில் ஒரே ஓர் அளவு போதாது. பல இடங்களில் திசைகாட்டி வைத்துச் சராசரி எடுத்து, காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தைத் திருத்த வேண்டும்.

இதற்குப் பிறகும் கோடு மட்டும்தான் கையில் இருக்கும். வடக்கிலிருந்து தெற்கா, தெற்கிலிருந்து வடக்கா என்பதைக் கீறல் சொல்லாது. அதைச் சொல்வது பாறையின் வடிவம்: பனி ஏறிய பக்கம் வழவழப்பாகச் சரிந்திருக்கும், இறங்கிய பக்கம் பெயர்த்தெடுத்ததுபோல் கரடாக இருக்கும். கீறல் பாறைக்கு உள்ளேயும் தொடர்ந்தால் அது நிலப்பிளவு உராய்ந்த தடம், பனிக்குச் சம்பந்தமில்லை.

மலைச்சரிவில் கீழே வழவழப்பு, மேலே உடைந்த கரட்டுப் பாறை. அந்த எல்லைதானே பனியின் உயரம்?
– வாசகர், நாகர்கோவில்

பல ஆண்டுகள் வல்லுநர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். வடமேற்கு ஸ்காட்லாந்தின் மலைகளில் இந்தக் கோட்டை வைத்தே பனிப்படலத்தின் தடிமனைக் கணக்கிட்டார்கள். பிறகு, கோட்டுக்கு மேலே கிடந்த அந்நியக் கற்களின் வயதை அளந்தபோது கணக்கு கவிழ்ந்தது. கடைசிப் பனியுகத்திலேயே அவை அங்கு வந்து சேர்ந்திருந்தன. அதாவது சிகரமும் பனிக்குள்தான் இருந்தது. மேலேயிருந்த பனி அடிப்பாறையோடு உறைந்து ஒட்டிக்கொண்டு, நகராமல் கிடந்தது, அதனால் தேய்க்கவில்லை. கீழே அடியில் உருகிய நீர் இருந்ததால் பனி வழுக்கி ஓடித் தேய்த்தது. அந்தக் கோடு பனியின் மேற்பரப்பு அல்ல, அடியில் வெப்பநிலை மாறிய இடம். தடயம் இல்லை என்பதைப் பனி இல்லை என்று படிப்பது இத்துறையின் பழைய வியாதி.

வயதை அளப்பது பெரிலியம்-10 முறையில். பனி விலகியதும் கல்மேல் விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் விழுந்து, அதில் பெரிலியம்-10 அணுக்களை உண்டாக்குகின்றன. அவற்றை எண்ணினால் கல் எத்தனை ஆண்டு வெளியே கிடந்தது என்று தெரியும். துருவத்தை ஒட்டிய அட்சரேகைகளில், கடல்மட்டத்தில், கல்லிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தில், ஒரு கிராமுக்கு ஆண்டுக்குச் சுமார் 4 அணுக்கள் உருவாகும். 15,000 ஆண்டு என்றால் ஏறத்தாழ 60,000 அணு. ஒரு மீட்டருக்குக் குறையாத, ஆடாமல் நிற்கும் கல்லைத் தேர்ந்து, மேல்முகத்தில் மட்டும், சில சென்டிமீட்டர் ஆழத்துக்குள் சுமார் ஒரு கிலோ வெட்டுகிறார்கள். சுற்றியுள்ள மலைகள் வானத்தை எவ்வளவு மறைக்கின்றன என்றும் குறித்துக்கொள்ள வேண்டும். பிழை இரு பக்கமும் வரும். பனி அந்தப் பாறையை முன்பே 2–3 மீட்டர் அரித்திராவிட்டால், பழைய அணுக்கள் மிஞ்சி வயதைக் கூட்டிவிடும். கல் பின்னால் புரண்டிருந்தாலோ, மண்ணுக்குள் கிடந்து வெளியே வந்திருந்தாலோ வயது குறையும். ஒற்றைக் கல்லின் வயதை நம்பாதீர்கள்.

ஸ்வீடனில் மலைமேல் கடற்கரை இருக்கிறதாமே?
– வாசகர், தூத்துக்குடி

உண்மைதான். ஹோகா குஸ்டன் பகுதியில், ஸ்கூலே மலையில், பழைய கடற்கரை இன்றைய மட்டத்திலிருந்து 286 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனியின் பாரத்தில் அமுங்கிய நிலம், சுமை இறங்கியதும் எழத் தொடங்கி இன்றும் ஆண்டுக்குச் சுமார் 8 மில்லிமீட்டர் எழுகிறது. இந்தப் பழைய கரைக்கோட்டைக் கண்டுபிடிக்க மரங்களைப் பார்த்தால் போதும். உச்சியில் பனி விட்டுச்சென்ற மண் தொப்பிபோல் மிஞ்சிக் காடாக நிற்கும். அதற்குக் கீழே அலைகள் மண்ணைக் கழுவிவிட்டதால் மொட்டைப் பாறை. ஆனால் இந்த உயரம் பனியின் எடையைச் சொல்லுமே தவிர, அதன் விளிம்பு எங்கே முடிந்தது என்று சொல்லாது. அதற்கு மொரைன் மேடுகளை, அதாவது பனி தன் விளிம்பில் குவித்துவிட்டுப் போன கல்லும் மண்ணுமான மேடுகளைத்தான் தேட வேண்டும்.

தமிழ்நாட்டில் ஏதாவது?
– வாசகி, இராமநாதபுரம்

கடைசிப் பனியுகத்தின் பனிப்படலம் இங்கே எட்டவில்லை. ஆனால் அவ்வளவு நீர் பனியாக நிலத்தில் தேங்கியதால் கடல் சுமார் 120 மீட்டர் தாழ்ந்தது. ஆழம் குறைந்த பாக் நீரிணை அப்போது தரையாக இருந்தது. பனியே தொட்ட பாறை வேண்டுமென்றால் ஒடிசாவின் தால்சேருக்குப் போகலாம். அங்கே சுமார் 30 கோடி ஆண்டுப் பழமையான பாறை அடுக்கில், பனி சுமந்துவந்த கற்கள் களிப்பாறைக்குள் பதிந்து கிடக்கின்றன.