வேருக்குள் முறிந்த கருவியை எடுக்காமல் அடைத்துவிடலாமா?

கேள்வி இதுதான்: ரூட் கெனால் சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது கருவியின் நுனி முறிந்து கடைவாய்ப் பல்லின் வேருக்குள் தங்கிவிட்டது, அதை எடுக்காமல் அப்படியே அடைத்துவிடலாம் என்கிறார் மருத்துவர், இதை நம்பலாமா?

பல நேரங்களில் நம்பலாம். ஆனால் எப்போது நம்பலாம் என்பதற்கு நிபந்தனைகள் உண்டு. அவற்றை நோயாளியும் தெரிந்துகொள்வது நல்லது. வேர் சிகிச்சையை அன்றாடம் செய்துவரும் பல் மருத்துவன் நான். என் கையிலும் கருவி முறிந்திருக்கிறது.

கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றின் முன்வேரில், உள்ளே ஓடும் மெல்லிய கால்வாயைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் சுழல் ஃபைலைச் செலுத்திக்கொண்டிருந்தபோது விரலில் ஒரு சிறு சொடுக்கு உணர்வு தட்டியது. வெளியே எடுத்து அளவுகோலில் வைத்தேன். 25 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய ஃபைல் 22 மில்லிமீட்டர்தான் இருந்தது. வேரின் வளைவைத் தாண்டி, நுனிக்கு அருகில், மீதி 3 மில்லிமீட்டர் வெள்ளைக் கோடாக எக்ஸ்-ரேயில் தெரிந்தது. நாற்காலியை நிமிர்த்தி, படத்தைக் காட்டி, நடந்ததை நோயாளியிடம் அப்போதே சொன்னேன். இதைச் சொல்லாமல் மறைப்பதை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. பல் அவருடையது, முடிவிலும் அவருக்குப் பங்கு உண்டு.

நிக்கல்-டைட்டானியம் ஃபைல்கள் வளைந்து கொடுப்பவை என்பதால்தான் வளைந்த கால்வாய்களில் அவற்றைப் பயன்படுத்துகிறோம். ஆனால் வளைவில் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் உலோகம் ஒரு பக்கம் இழுபட்டு மறுபக்கம் அமுங்குகிறது. அந்தக் களைப்பு சேர்ந்து சேர்ந்து முன்னறிவிப்பு இல்லாமல் முறிந்துவிடும். நுனி எங்காவது சிக்கிக்கொள்ள, மேற்பகுதி சுழன்றுகொண்டே இருந்தாலும் முறுக்கேறி ஒடியும்.

எல்லோரும் அஞ்சுவது உள்ளே இருக்கும் உலோகத்தைப் பார்த்துத்தான். உண்மையில் அஞ்ச வேண்டியது அந்தத் துண்டுக்கு அப்பால் சுத்தம் செய்யப்படாமல் கிடக்கும் இடத்தைப் பார்த்து. கிருமிகளே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பற்கூழை, அதாவது பல்லுக்குள் இருக்கும் மென்திசுவை, திறந்துவிட்டபோது அது ஆறியது என்பதும், சாதாரண எலிகளில் அழுகிச் சீழ்பிடித்தது என்பதும் 1965இல் வெளியான ஆய்விலேயே காட்டப்பட்டன. வேர் நுனியில் நோயை உண்டாக்குபவை பாக்டீரியாக்கள். கிருமிநீக்கம் செய்த உலோகத் துண்டு தானாக நோயை உண்டாக்குவதில்லை. ஆனால் அது வழியை மறித்து நிற்கிறது. அதன் உடலில் திருகுபோல் ஓடும் பள்ளங்கள் இருப்பதால் அது கால்வாயை முழுவதுமாக அடைப்பதும் இல்லை. அதனால்தான், எந்தக் கட்டத்தில் முறிந்தது என்பதே என் முதல் கேள்வியாக இருக்கும். கால்வாயைப் பெரும்பாலும் சுத்தம் செய்து முடித்தபின் முறிந்திருந்தால் கவலை குறைவு. செத்து அழுகிய கூழ் உள்ளே இருக்க, தொடக்கத்திலேயே முறிந்திருந்தால் கவலை அதிகம்.

2005இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று இதற்கு எண்களைத் தருகிறது. துண்டு தங்கிய பற்களில் 91.8 விழுக்காடும், அதே நிலையில் இருந்த, துண்டு இல்லாத பற்களில் 94.5 விழுக்காடும் ஆறியிருந்தன. வேர் நுனியில் ஏற்கெனவே நோய் இருந்த பற்களை மட்டும் பார்த்தால் முறையே 86.7, 92.9 விழுக்காடு. இங்கேதான் இடைவெளி சற்று விரிகிறது. எனவே சிகிச்சைக்கு முன் எடுத்த எக்ஸ்-ரேயில் வேர் நுனியைச் சுற்றிக் கருநிழல் இருந்ததா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

அடைப்பதற்கு முன் துண்டைத் தாண்டிச் செல்ல ஒரு முயற்சி நடந்திருக்க வேண்டும். 0.08 அல்லது 0.10 மில்லிமீட்டர் நுனி கொண்ட கை ஃபைலின் முனையைச் சற்றே வளைத்து, துண்டுக்கும் சுவருக்கும் நடுவே வழி இருக்கிறதா என்று மெல்லத் தடவித் தேடுவோம். நுனி ஓரிடத்தில் ஒட்டிப் பிடித்தால் அங்கே இடைவெளி இருக்கிறது என்று பொருள். துண்டு வேரின் மேற்பகுதியில், நேரான இடத்தில் இருந்தால், மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி அல்ட்ராசோனிக் முனையால் அதிரச் செய்து எடுத்துவிடலாம். வளைவைத் தாண்டிய துண்டை அப்படித் தோண்டி எடுக்கப் போனால் வேரின் சுவர் மெலிந்துவிடும், ஓட்டையும் விழலாம். வேரே பிளந்துபோனால் பல்லையே எடுக்க வேண்டி வரும். 3 மில்லிமீட்டர் உலோகத்துக்காக அந்த விலையைக் கொடுக்கலாகாது.

எடுக்கவோ தாண்டவோ முடியாதபோது துண்டின் தலை வரையிலும் சுத்தம் செய்வதில்தான் முழுக் கவனமும் செல்ல வேண்டும். கிருமிகளைக் கொல்லும் திரவமான சோடியம் ஹைப்போகுளோரைட்டை மீண்டும் மீண்டும் செலுத்தி, அல்ட்ராசோனிக்கால் அதிரவைத்தால், கருவி நுழையாத இடுக்கிலும் திரவம் ஓரளவு நுழையும். பிறகு கால்வாயை உலர்த்தி, சுவரெங்கும் இடுக்குகளை மூடும் சீலர் என்ற பசையைப் பூசி, சூட்டில் இளகும் ரப்பர் போன்ற கட்டா-பெர்ச்சாவைத் துண்டின் தலைமேல் இறுக்கமாக அழுத்தி நிரப்புவோம். சீலர் துண்டின் பள்ளங்களுக்குள் கொஞ்சம் இறங்குவதும் உதவும். அதன்பின் அந்த உலோகமும் அடைப்பின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

பலர் இத்துடன் வேலை முடிந்ததாக நினைத்து, தற்காலிக சிமென்ட்டுடன் மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. மேலிருந்து உமிழ்நீர் கசிந்தால் கீழே எவ்வளவு நேர்த்தியாக அடைத்திருந்தாலும் கிருமிகள் திரும்ப வந்துவிடும். நிரந்தர அடைப்பையும், பல்லின் மேல் மாட்டும் கேப்பையும் தள்ளிப்போடாதீர்கள்.

ஓராண்டு கழித்து எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்க வேண்டும். நிழல் இருந்த பல்லாக இருந்தால் நான்கு ஆண்டுகள் வரை கண்காணிப்பது முறை. வலியோ, ஈறில் சீழ்க் கொப்புளமோ, பெரிதாகும் நிழலோ தெரிந்தால், ஈறைத் திறந்து வேரின் நுனியைத் துண்டுடன் வெட்டி நீக்கி, வெட்டிய முனைப் பக்கத்திலிருந்து எம்.டி.ஏ. என்னும் சிமென்ட் கொண்டு அடைக்கும் அறுவைச் சிகிச்சை இருக்கிறது. பல்லை இழக்கும் முன் முயன்று பார்க்க அந்த வழியும் மிச்சமிருக்கிறது.

மேலே சொன்ன நோயாளிக்குத் துண்டைத் தாண்ட என்னால் முடியவில்லை. ஆனால் முன்வேரின் இரண்டு கால்வாய்களும் நுனியருகே ஒன்றாகச் சேர்ந்திருந்தன. மற்றதன் வழியே கடைசி வரை சென்று கழுவ முடிந்தது. சிகிச்சைக்கு முன் நிழல் ஏதும் இல்லை, ஓராண்டுப் படத்திலும் இல்லை. அவர் அந்தப் பக்கத்தில்தான் மெல்லுகிறார். அடுத்த படத்துக்கான நாளைக் குறித்துக் கொடுத்திருக்கிறேன்.