லேசர் இருக்கட்டும், பையனை எதற்குக் கடைக்கு அனுப்புகிறீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 41. இருபது வருடமாக சிகரெட் பழக்கம், தினம் ஆறேழு. முகம் கறுத்து, கன்னம் ஒட்டி, உதட்டைச் சுற்றிக் கோடு விழுந்துவிட்டது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் என் அண்ணனை எனக்குத் தம்பி என்று நினைத்துவிட்டார்கள். லேசர் செய்தால் சரியாகுமா? வீட்டில் யாருக்கும் என்னால் தொந்தரவு இல்லை. ராத்திரி சாப்பிட்டதும், ஆறாவது படிக்கும் மகன் முனைக்கடையில் இரண்டு வாங்கி வந்து தருவான். மொட்டை மாடிக்குப் போய்த்தான் பிடிப்பேன்.
– பெயர் வேண்டாம்

பதில்: முகத்துக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். நிகோடின் தோலின் சின்னச் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜனும் வேகமாகச் சிதைகிறது. போதாததற்கு, நாள் முழுக்க உதட்டைக் குவித்துக் குவித்து விழுந்த கோடு வேறு. 1985-லேயே டக்ளஸ் மாடல் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதற்கு ‘புகைப்பவர் முகம்’ என்று பெயர் வைத்துவிட்டார். லேசருக்குப் போனாலும், ‘முதலில் சிகரெட்டை விட்டுவிட்டு வாங்க’ என்பார்கள். புகைப்பவருக்குப் புண் ஆற நாளாகும். விட்டால் ரத்த ஓட்டம் திரும்பும், முகம் கொஞ்சம் தெளியும். விழுந்த கோடு முழுசாகப் போகாது.

இப்போது பையனுக்கு வருவோம். ‘யாருக்கும் தொந்தரவு இல்லை’ என்று எழுதிய கை, அடுத்த வரியிலேயே பதினோரு வயதுப் பிள்ளையைக் கடைக்கு அனுப்புகிறதே, கூசவில்லையா? 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு சிகரெட் விற்பது 2003-ம் வருடச் சட்டப்படி குற்றம். கடைக்காரர் அதைச் செய்வது உங்கள் தைரியத்தில்தான்: ‘அப்பாவுக்குத்தானே!’ உதிரியாக இரண்டு வாங்குவதால், பெட்டியில் அச்சடித்த அந்தக் கோரமான படம்கூட உங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. அவன் சட்டைப்பையில் வருவது வெறும் இரண்டு சிகரெட், மீதிக் காசுக்கு ஒரு மிட்டாய். மூன்றாவதை அவன் தனக்கென்று வாங்கும் நாளில் எந்த வாயால் அதட்டுவீர்கள்? மாடிக்குப் போய்விட்டால் மறைந்துவிட்டதாக நினைப்பு! தேள் கொட்டினால் மாடியில் வலிக்காதா?

அப்பன் பிள்ளைக்குச் செய்ய வேண்டியது ஆயிரம் இருக்கிறது. இந்த எடுபிடி வேலை அதில் சேர்த்தியில்லை.

இன்று ராத்திரி அவனைக் கூப்பிட்டு, ‘இனிமே நீ போகாதடா, அப்பா செஞ்சது தப்பு’ என்று சொல்லுங்கள். மனைவியும் பக்கத்தில் இருக்கட்டும். நாளைக் காலையில் 1800-11-2356-க்கு போன் போடுங்கள். சிகரெட்டை விட உதவும் அரசு எண், காசு கிடையாது. நீங்கள் முழுப் பெட்டியாக வாங்கியிருந்தால் அதன் மேலேயே படித்திருப்பீர்கள்.

லேசர் பற்றி, விட்டு ஆறு மாதம் ஆனதும் எழுதுங்கள்.