அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க

அன்புள்ள அக்கா,

சோழவரம் பந்தயங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து உங்களுக்கு எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயது 38. கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். பதினைந்து வருட உழைப்புக்கு எனக்கு நானே ஒரு பரிசு கொடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். மூன்று வண்டிகள் மனதில் ஓடுகின்றன. செகண்ட் ஹேண்டில் ஒரு போர்ஷே 911. பிஎம்டபிள்யூ எம்2, அதிலும் மேனுவல் கியர். இல்லாவிட்டால் பிஎம்டபிள்யூ எம்340ஐ. ஆசை 911 மேல்தான். ஆனால் தினமும் பட்டறைக்குப் போவதும் பிள்ளைகளை ஸ்கூலில் விடுவதும் அதே வண்டியில்தான். இரண்டு கார் நிறுத்த வீட்டில் இடமில்லை. பின்சீட் சிறியதுதான், குழந்தைகள் (7 வயது, 3 வயது) அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க. அம்மாவும் எங்களோடு இருக்கிறார், ஆனால் அதிகம் வெளியே வருவதில்லை. ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டுமா, ரீசேல் எப்படி, பேசாமல் எலெக்ட்ரிக்குக்கே போய்விடலாமா என்றெல்லாம் குழப்பம். அவிநாசி ரோட்டில் புது மேம்பாலம் வந்த பிறகு வண்டியைக் கொஞ்சம் விரட்டிப் பார்க்கவும் இடம் கிடைத்திருக்கிறது. உங்களுக்குக் கார் பைத்தியம் உண்டு என்பதால் கேட்கிறேன். எதை வாங்கலாம்?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் நான் ஒரு ஷோரூமில் இஞ்ச் டேப்போடு மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். விற்பனைப் பையன் நான் டிக்கியை அளக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து அதைத் திறந்து காட்டினான். நான் அளந்தது தரைக்கும் முன்சீட்டின் ஓரத்துக்கும் உள்ள உயரம். என் அம்மாவுக்கு 84 வயது. இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆகிறது. "முட்டிக்குக் கீழே இறங்குற எந்த சீட்லயும் உட்கார வைக்காதீங்க" என்று பிசியோதெரபிப் பெண் சொல்லிவிட்டுப் போனாள். அம்மாவின் முட்டி உயரம் 16 அங்குலம். அன்றிலிருந்து உலகத்துக் கார்களெல்லாம் எனக்கு இரண்டே சாதி, பதினாறுக்கு மேல், பதினாறுக்குக் கீழ். அந்த மனநிலையில் இருப்பவளிடம் வந்து 911 பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். ரீசேல்: பரிசு என்று சொல்லிவிட்டு அதன் விற்பனை விலையை விசாரிக்கிறீர்களே! எலெக்ட்ரிக்: அது உங்கள் மனதில் இல்லை, மரியாதைக்குச் சேர்த்திருக்கிறீர்கள், விடுங்கள். ஸ்பீட் பிரேக்கர்: தட்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் அகலத்தில் மெல்ல ஏறி இறங்கும் மேடு, நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி சும்மா மிதந்து போகும். உங்கள் தெருமுனையில் கார்ப்பரேஷன் தார் மிச்சத்தைக் கொட்டி வைத்திருப்பது அதுவல்ல. 911இல் முன்பக்கத்தை 40 மில்லிமீட்டர் வரை தூக்கிவிடும் வசதி ஆப்ஷனாக உண்டு. பழைய வண்டி வாங்குவதால் முதல் சொந்தக்காரர் அதற்குக் காசு கட்டியிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

இப்போது உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும். உங்கள் கடிதத்தை நீங்களே மறுபடி படியுங்கள். மேனுவல் கியருக்கு "அதிலும்" போட்டு அழுத்தம் கொடுத்திருக்கிறீர்கள். பெற்ற பிள்ளைகள் இரண்டும் அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்திருக்கின்றன. 911இன் பின்சீட்டும் ஏறக்குறைய அந்த அளவுதான். உங்கள் மனைவிக்கு அந்த அடைப்புக்குறிகூடக் கிடைக்கவில்லை. அவர் எங்கே உட்காரப்போகிறார்? அவர் ஓட்டுவாரா? ஒரே ஒரு கார் உள்ள வீட்டில் இதைக் கேட்காமல் குதிரைசக்தியைக் கேட்டு என்ன பிரயோஜனம்?

911 மேல் எனக்கும் ஆசை உண்டு, ஒளிப்பானேன். அது ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு வந்தது 1963இல், நான் பிறந்த வருடம். வரும்போது அதன் பெயர் 901. நடுவில் பூஜ்யம் வைத்த மூன்றிலக்கப் பெயர்கள் எங்களுடையவை என்று பெஜோ கம்பெனி சண்டைக்கு வந்ததால் 911 ஆனது. இதுவரை எட்டுத் தலைமுறை மாறி இன்றும் வாலிபமாக நிற்கிறது, நான் கண்ணாடி மாற்றிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. பாடப்புத்தகப்படி தப்பான இடம். பழைய வண்டிகளில் வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் தனியாகக் கிளம்பிவிடும். அதைச் சமாளிக்கத்தான் 1969 மாடலில் பின்சக்கரங்களைப் பின்னால் தள்ளி, இரண்டு அச்சுகளுக்கும் இடையே 57 மில்லிமீட்டர் கூட்டினார்கள். ஆனால் இன்ஜின் அந்தத் தப்பான இடத்தில் இருப்பதால்தான் ஓட்டுபவருக்குப் பின்னால் இரண்டு குட்டி இருக்கைகள் வைக்க முடிந்தது. முறைப்படி நடுவில் இன்ஜின் வைத்த கார்களில் பெரும்பாலும் பிள்ளைகளுக்கு அந்த இடமும் இல்லை.

ஹோண்டா என்எஸ்எக்ஸ் அப்படித்தான். 1990இல் விற்பனைக்கு வந்தது. அலுமினிய உடம்பு, வெளியே நன்றாகத் தெரியும் கண்ணாடிகள், படுத்தாத கிளட்ச். ஃபார்முலா ஒன் சாம்பியன் அயர்ட்டன் சென்னா ஜப்பானின் சுசூகா பந்தயத் தடத்தில் ஓட்டிப்பார்த்து உடம்பு இன்னும் விறைப்பாக இருக்கட்டும் என்றார், கேட்டுக்கொண்டார்கள். அன்றாடம் ஓட்டக்கூடிய சூப்பர் கார் என்று உலகமே கொண்டாடியது. மொத்தம் இரண்டு இருக்கை. அந்த "அன்றாடம்" யாருடைய அன்றாடம் என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. பால் வாங்க, பிள்ளையைத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு ஓட, மாமியாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக என்று ஒரு அன்றாடம் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் விமர்சனங்களில் அது வராது.

கார் வடிவமைப்பில் எச்-பாயிண்ட் என்று ஒன்று சொல்வார்கள். உட்கார்ந்தவரின் இடுப்புமூட்டு வந்து நிற்கும் புள்ளி. அது தரையை ஒட்ட ஒட்ட, ஆளின் எடையும் கீழே இறங்கும், கூரையையும் தாழ்த்தலாம், வளைவில் வண்டி சாயாது. நீங்கள் விரும்புகிற அந்தச் சுகம் முழுக்க அங்கிருந்து தொடங்குகிறது. ஓட்டுபவரின் இடுப்பை எவ்வளவு இறக்குகிறார்களோ அவ்வளவு வண்டி இனிக்கும், அவ்வளவு என் அம்மாவால் அதிலிருந்து எழ முடியாது. ஒரே அங்குலத்தை இரண்டு பேருக்கும் கொடுக்க முடியாது தம்பி. அதனால்தான் நம் வீடுகளில் "அட்ஜஸ்ட்" என்ற சொல்லைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது ஒரு காருக்குள் வைத்துத்தான். எங்கள் சித்தப்பா ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருந்தார். 1961இலிருந்து நம் வண்டலூரில் செய்தார்களே, அது. வடிவம் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டியுடையது. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கமாக முதலை வாய் மாதிரி திறக்கும், மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பார். 25 அடிக்குள் வட்டம் போட்டுத் திரும்பும், எங்கள் பெரம்பூர்த் தெருவில் ரிவர்ஸ் எடுக்காமல் திருப்பிக் காட்டுவது சித்தப்பாவின் வித்தை. கதவு இரண்டே இரண்டு. பின்னால் போகவேண்டுமானால் முன்சீட்டை மடக்கி, ஒரு காலை உள்ளே வைத்து, தலையைக் குனிந்து, இடுப்பைத் திருப்பி விழவேண்டும். ஒன்பது கெஜம் இல்லாவிட்டாலும் ஆறு கெஜத்தில் அதைச் செய்து பாருங்கள்.

1972இல் சோழவரத்துக்குப் பந்தயம் பார்க்கப் போனோம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை அது. முன்னால் சித்தப்பாவும் தாத்தாவும். பின்னால் நான், சன்னல் ஓரம் பாட்டி, நடுவில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அம்மா. அப்பா ஸ்கூட்டரில் பின்தொடர்ந்து வந்தார், காருக்குச் சொந்தக்காரரின் அண்ணனுக்குக் கிடைத்த மரியாதை அது! இறங்கும்போது தாத்தா இறங்கி, சீட்டை மடக்கி, பாட்டியை இழுத்து, என்னை இழுத்து முடிப்பதற்குள் முதல் பந்தயம் பாதி முடிந்திருந்தது. அம்மா தம்பி தூங்குகிறான் என்று உள்ளேயே இருந்துவிட்டாள். "அண்ணி வெயில்ல எப்படி..." என்று யாரோ இழுத்தபோது சித்தப்பா நடந்துகொண்டே சொன்னார், "அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க."

நான் அன்று பார்த்தது எல்லாம் நினைவிருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே வயிற்றில் வந்து இறங்கும் சத்தம், கருகிய ரப்பர் நெடி, தூசிக்குள்ளிருந்து புள்ளியாகக் கிளம்பி காராக மாறும் ஒன்று. என் பைத்தியம் அங்கே தொடங்கியது. திரும்பி வந்தபோது அம்மா தம்பிக்கு முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். தாத்தா முன்கதவு வழியாக டீ டம்ளரை நீட்ட, சீட்டின் தலைக்கு மேலாக அதை வாங்கினாள். "ரேஸ் பார்த்தியாம்மா?" என்றேன். "கேட்டேன்" என்றாள். ஐம்பது வருடமாக அந்த ஒற்றைச் சொல்லை நான் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன். சித்தப்பாவை மன்னிக்கவே இல்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று இரவு அம்மாவிடம் அந்த ஹெரால்டைப் பற்றிக் கேட்டேன். "நல்ல வண்டிடி அது" என்றாள். எனக்குக் கோபம். பின்னாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே என்றேன். "மாட்டிக்கிட்டேன்னு நீ சொல்ற. கூட்டுக் குடும்பம். விடிஞ்சா அடைஞ்சா அண்ணி அண்ணின்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. அந்த மூணு மணி நேரம் ஒருத்தரும் என்னை எழுப்பி வேலை சொல்ல முடியல. எனக்குன்னு ஒரு கதவே இல்லையே!" சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள்.

இதற்குப் பிறகு என் வாதத்தை எப்படித் தொடர்வது என்று தெரியவில்லை. ஆனாலும் தொடர்வேன். அவளுக்கு அந்த வீட்டில் வேறெங்கும் உட்கார இடமில்லை என்பதற்காக, நான் உங்களுக்கு இரண்டு கதவுக் காரைச் சிபாரிசு செய்ய முடியாது. மூன்று வயதுப் பிள்ளையைக் குழந்தை இருக்கையில் வைத்துப் பூட்டுவது என்ன வேலை என்று பாருங்கள். 911இலும் சரி, எம்2இலும் சரி, முன்சீட்டை மடக்கி, உடம்பில் பாதியை உள்ளே நுழைத்து, உதைக்கிற காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத பக்கிளைத் தேட வேண்டும். காலை எட்டரைக்கு, ஸ்கூல் வாசலில், பின்னால் ஆட்டோ ஹாரன் அடிக்க. பத்து நாள் செய்வீர்கள். பதினோராம் நாள் பிள்ளை மடியில் வரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில் 194பி என்று ஒரு பிரிவே இருக்கிறது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம். உங்களுக்கு அந்தத் தொகை ஒரு பொருட்டே இல்லை என்பது தெரியும். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடிக்குப் பதினான்கு மீட்டர் கடக்கிறது. கார் நின்றாலும் மடியில் இருக்கிற பிள்ளை நிற்காது.

அந்த மேம்பாலப் பேச்சைப் படித்தபோது நீங்கள் எதிரில் இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். 10.1 கிலோமீட்டர். அறுபதில் போனால் பத்து நிமிடம், நூற்றிருபதில் போனால் ஐந்து நிமிடம். மிச்சமாகும் ஐந்து நிமிடத்தை வைத்து என்ன செய்வீர்கள், கீழே இறங்கி சிக்னலில் நிற்பீர்கள். அதற்கு ஜி.டி. நாயுடு பெயர் வைத்திருக்கிறார்கள், இன்ஜின் தெரிந்த மனிதர், அவருக்காவது மரியாதை கொடுங்கள். கோவைக்காரர் விரட்டிப் பார்க்க இடம் தேடுவது எனக்கு விளங்கவே இல்லை. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் கரிவர்தன் 1980களின் கடைசியில் மாருதி இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்று பந்தயக் கார் செய்தாரே, பின்னால் ஃபார்முலா ஒன் வரை போன நாராயண் கார்த்திகேயன் ஆரம்ப காலத்தில் ஓட்டிய வகை வண்டி. அதில் ஒரே இருக்கை. ஒருவருக்கான சுகத்தை ஒருவருக்கான வண்டியில் வைத்தார்கள், வீட்டிலிருந்து யாரையும் அதற்குள் மடக்கித் திணிக்கவில்லை.

எம்340ஐ வாங்குங்கள். நாலு கதவு. அந்த மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின் வெண்ணெய் மாதிரி, நூறைத் தொட 4.4 நொடி, அதற்கு மேல் பள்ளிக்கூட வாசலில் என்ன வேண்டும்? 2021இலிருந்து சென்னைக்குப் பக்கத்தில் மகேந்திரா சிட்டியில் கோத்துத்தான் விற்கிறார்கள், முழுசாக இறக்குமதியாகும் எம்2க்குக் கட்டுகிற வரி இதற்கில்லை. மிச்சத்தில் செட்டிபாளையத்துக்குப் போங்கள், மேனுவல் கியர் ஆசையை அங்கே தீர்த்துக்கொள்ளலாம். முடிவு செய்வதற்கு முன் உங்கள் மனைவி ஒருமுறை ஓட்டிப்பார்க்கட்டும், நீங்கள் பின்சீட்டில் உட்காருங்கள்.

இன்னொன்று. அம்மா அதிகம் வெளியே வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது வீட்டில் நிற்கிற காரின் முன்சீட் தரையிலிருந்து எத்தனை அங்குலம்? அளந்து எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா