பதில்: கோவலன் பொட்டல் தீசிஸ் – பூங்காவை எங்கே வைப்பது?

தம்பி, உங்க கட்டிடக்கலைத் தீசிஸில் மதுரை பழங்காநத்தம் கோவலன் பொட்டலில் பூங்காவும் அகழாய்வு ஆவணக்காப்பகமும் போட்டுக்காட்டினதுக்கு, மதிப்பிட வந்த ஜூரி 'இடத்தையே அழிச்சிருவ' என்று சொன்னதாக எழுதியிருக்கீங்க. அவங்க சொன்னது நியாயம்தான்.

முதுமக்கள் தாழி, அதாவது அந்தக் காலத்தில் இறந்தவங்களைப் புதைத்த பெரிய பானை, கிடைத்த மண் அது. நீங்க அதுக்கு மேலேயே வேம்பும் அரசும் நட்டு, நடுவில் புல்தரையும் போட்டிருக்கீங்க. அரச வேர் கோபுரத்தையே பிளக்கும், தாழி எம்மாத்திரம்? புல்லுக்குத் தினமும் தண்ணி விட்டால் மண்ணில் இருக்கிற உப்பு கரைந்து பானையில் ஏறும். காயும்போது படிகமாகி, மேல்பரப்பு பொருக்குப் பொருக்காக உதிரும். கீழடியில் தோண்டிய குழிகளைத் திரும்ப மண் போட்டு மூடியது ஏன் என்று யோசிங்க.

அதனால் பழைய மண்மேல் துணிவிரிப்பு போட்டு, வெளிமண் கொட்டி உயர்த்துங்க. அதில் வேர் ஆழம் போகாத செடி மட்டும். பெரிய மரமெல்லாம், சோதனைக்குழி போட்டு ஒண்ணும் இல்லை என்று உறுதியான ஓரத்தில்தான். நிழல் இல்லாமல் சித்திரை வெயிலில் ஒருத்தரும் வரமாட்டாங்க, அதனால் நடைபாதைக்குப் பந்தல் போடுங்க. கால்களைத் தோண்டி நடாமல் கனமான கான்கிரீட் கட்டைமேல் நிறுத்தலாம்.

காப்பகத்தில் வாசிப்பறைக்குப் பாதி இடம் கொடுத்திருக்கீங்க. அகழாய்வில் இடத்தை அடைப்பது காகிதம் இல்லை, பானை ஓடு! மூட்டை மூட்டையாக வரும். அந்தப் பாரத்தை மாடியில் ஏற்றாதீங்க. ஓடு தரைத்தளத்தில், வரைபடமும் நெகட்டிவும் மேலே.

செக்‌ஷனை, அதாவது குறுக்குவெட்டு வரைபடத்தை, திருத்திப் போடுங்க, பார்க்கிறேன்.