கழுத்து குட்டையாக இருந்தால் ஸ்டென்ட் நிற்காதா?

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. புராஸ்டேட்டுக்காக ஸ்கேன் எடுத்தபோது, வயிற்றுப் பெருந்தமனி 5.9 செ.மீ. அளவுக்கு வீங்கியிருப்பது தெரிந்தது. "கழுத்து 6 மி.மீ.தான், அதுவும் வளைந்திருக்கிறது. ஸ்டென்ட் நிற்காது, வயிற்றைத் திறந்துதான் செய்ய வேண்டும்" என்கிறார் ஒரு மருத்துவர். இன்னொருவர், துளை வைத்த ஸ்டென்டை வரவழைத்துப் பொருத்தலாம் என்கிறார். அப்பா 6 வருடம் முன்பு பைபாஸ் செய்துகொண்டவர். கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) 1.5. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். முதல் மருத்துவர் "நிற்காது" என்றது சாதாரண ஸ்டென்ட் கிராஃப்டை (தொடைவழியாகக் கொண்டுபோய்த் தமனிக்குள் வைக்கும், துணி போர்த்திய கம்பிவலைக் குழாய்). இரண்டாமவர் பேசுவது வேறு ஒரு சாதனத்தை.

இங்கே கழுத்து என்பது, சிறுநீரகங்களுக்குப் போகும் தமனிகள் பிரியும் இடத்துக்கும் வீக்கம் தொடங்கும் இடத்துக்கும் நடுவே உள்ள நல்ல பகுதி. மோட்டார் பைப்பில் ஹோஸ் மாட்டியிருப்பீர்கள். ஒரு விரக்கடையாவது உள்ளே போனால்தான் பிடிக்கும். இதுவும் அப்படித்தான். ஸ்டென்ட் கிராஃப்ட் பிடித்து நிற்கப் பொதுவாக 10 முதல் 15 மி.மீ. கழுத்து தேவை. வளைவு 60 டிகிரிக்கு மேல் போனாலோ, உட்சுவரில் ரத்தக்கட்டியோ சுண்ணாம்போ படிந்திருந்தாலோ பிடிப்பு இன்னும் குறையும். பிடிப்பு இல்லாவிட்டால் ஓரமாக ரத்தம் கசிந்து வீக்கத்துக்குள்ளேயே போகும். வெளியே எல்லாம் முடிந்ததுபோல் இருக்கும். உள்ளே அழுத்தம் குறைந்திருக்காது, வெடிக்கும் அபாயமும் போயிருக்காது. அதனால், "எப்படியாவது சாதாரண ஸ்டென்டையே வைத்துவிடுங்கள் டாக்டர்" என்று மட்டும் யாரையும் வற்புறுத்தாதீர்கள்.

துளை வைத்த ஸ்டென்ட் கிராஃப்ட் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. கழுத்தில் இடமில்லை என்பதால் இன்னும் மேலே ஏறி, நல்ல தமனியில் பிடித்துக்கொள்கிறது. சிறுநீரகத் தமனிகள் அடைபடாமல் இருக்க, அவை பிரியும் இடங்களுக்கு நேராகத் துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளை வழியாகவும் ஒரு சின்ன ஸ்டென்ட் வைப்பார்கள். பெரும்பாலும் உங்கள் அப்பாவின் சி.டி. ஆஞ்சியோவை அளந்து, அவருக்கென்றே தைப்பார்கள் (ரெடிமேட் சட்டை இல்லை, அளவெடுத்துத் தைப்பது). ஆகவே பல வாரம் காத்திருக்க வேண்டும், விலையும் மிக அதிகம். அவசரத்தில், சிறுநீரகத் தமனிக்குள் தனி ஸ்டென்டைப் பக்கவாட்டில் புகைபோக்கிபோல் நிறுத்தும் முறையும் உண்டு. ஆனால் இரண்டு ஸ்டென்டுகளுக்கும் நடுவே உள்ள சந்தில் கசிவு வரலாம். நேரம் இருக்கும்போது அது என் முதல் தேர்வாக இருக்காது.

வயிற்றைத் திறந்து செய்வதைக் கேட்டுப் பயப்படுகிறீர்கள், புரிகிறது. பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், 30 நாளுக்குள் இறந்தவர்கள் ஸ்டென்ட் வைத்தவர்களில் 1.7 சதவீதம், திறந்து செய்தவர்களில் 4.7 சதவீதம். ஆனால் அதில் சேர்ந்தவர்கள் ஸ்டென்டுக்கு ஏற்ற கழுத்து உள்ளவர்கள். அதோடு, 8 வருடம் தாண்டியபின் வீக்கம் சார்ந்த இறப்பு ஸ்டென்ட் பக்கம்தான் அதிகமானது. திறந்து போடும் செயற்கைக் குழாய் தையலில் நிற்கிறது, பின்னாளில் தொல்லை குறைவு. இதயம் நன்றாக உள்ள 60 வயதுக்காரருக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன்.

உங்கள் அப்பா விஷயத்தில் தராசு சற்றுத் துளை வைத்த ஸ்டென்ட் பக்கம் சாய்கிறது. பைபாஸ் ஆனவர் என்பதும், கழுத்து இவ்வளவு குட்டையாக இருந்தால் திறந்து செய்யும்போது சிறுநீரகத் தமனிகளுக்கு மேலே கிளாம்ப் (ரத்த ஓட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தும் இடுக்கி) போட வேண்டிவரலாம் என்பதும்தான் காரணம். அது இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் சுமை. அதற்காக ஸ்டென்டில் சிறுநீரகத்துக்கு ஆபத்தே இல்லை என்று நினைக்க வேண்டாம். தமனி படத்தில் தெரியச் செலுத்தும் சாயமருந்து இருக்கிறது, சின்ன ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளவும் கூடும்.

முடிவெடுக்கும் முன் எக்கோ பாருங்கள். தொடைவழித் தமனிகள் சாதனம் நுழையும் அளவுக்கு அகலமா என்று கேளுங்கள். இந்தத் துளை வைத்த வகையை அந்தக் குழு எத்தனை பேருக்குச் செய்திருக்கிறது என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். வருடா வருடம் ஸ்கேனுக்கு வர அப்பா சம்மதிப்பாரா என்பதும் முக்கியம். வராதவருக்கு ஸ்டென்ட் நல்ல யோசனை அல்ல.

ஆண்களுக்கு 5.5 செ.மீ. வந்தாலே சிகிச்சை பற்றிப் பேசுவோம். அவர் அதைத் தாண்டிவிட்டார். மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். காத்திருக்கும் நாட்களில் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கட்டும், பீடி சிகரெட் கூடவே கூடாது. திடீரென்று வயிற்றிலோ முதுகிலோ கடும் வலி, மயக்கம் வந்தால் வாயுப் பிடிப்பு என்று கஷாயம் கொடுத்துக்கொண்டிருக்காமல் ரத்தநாள அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள்.

அப்புறம், அப்பாவுக்கு 65 வயது கடந்த அண்ணன் தம்பிகள் இருந்தால் அவர்களும் ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கொள்ளட்டும். இந்த வீக்கம் குடும்பத்தில் தொடர்வது உண்டு.